ரமோனை அனுப்பாத கதை

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்தில் இருந்த காலிக் கட்டத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். போன ஆடியில் மலைமேல் கரியாலூரிலிருந்து ரமோன் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். மஸ்கட்டில் டிரைவராக இருந்தபோது, அங்கே வீட்டுவேலைக்கு வந்திருந்த வெள்ளச்சியைக் கட்டிக்கொண்டு, அவள் ஊருக்கே வந்துவிட்டவர். இந்தியப் பெண்ணின் கணவர் என்பதால்தான் அவருக்கு விசா. வெள்ளச்சி மஞ்சள்காமாலையில் இறந்து நாலு மாதமாகியிருந்தது. விசா முடிய இருபது நாள். நீட்டிப்பு விண்ணப்பத்தைத் திறந்தேன்.

"இங்க பொண்டாட்டி கையெழுத்து கேக்குதுங்க. இன்னா பண்றது?" என்றார், நம்ம ஊர்த் தமிழிலேயே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்வராயன் மலையின் மேகங்களுக்கு நடுவே ஓர் அந்நியன்...'

[அடித்துவிட்டேன். சாமை விதைக்கிற, மகளுக்குக் கோணல் வகிடெடுத்து இரட்டைச் சடை பின்னுகிற ஆளை அந்நியன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.]

மகள் செவ்வந்திக்கு ஏழு வயது. இந்தியக் குடிமகள். பாஸ்போர்ட் கிடையாது. இப்போதைக்கு அப்பா போவதென்றால் தனியாகத்தான் போகவேண்டும்.

3

கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே என்று வெள்ளச்சியின் அக்கா கமலாவைப் பிடித்தேன். பிள்ளையில்லாதவள். 'இவர் போய்விட்டால் குழந்தை தனக்குத்தான் என்று அவள் உள்ளூர...'

[இந்த வாக்கியத்தை முடிக்கவிடாதவள் கமலாவேதான்.]

கையெழுத்துக் கட்டத்தைக் காலியாகவே விட்டு மனுவை அனுப்பியிருந்தோம். விசா அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்ததும், ரமோனோடு செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு அவளும் பஸ் ஏறி வந்தாள். நானும் கூடப் போனேன். அதிகாரி தன்மையானவர். கமலாவிடம் கேட்டார்:

"பெரியம்மா நீங்க இருக்கீங்களே. புள்ளைய நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

கமலா முந்தானையைத் திருகினாள். ஆசை முகத்தில் தெரிந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

"பாத்துக்குவேங்க. சோறு போடுவேன், பள்ளிக்கூடம் அனுப்புவேன். ஆனா ஜொரம் வந்தா என் மடியில படுத்துக்கினு அப்பா எங்கன்னு கேக்குங்க. அம்மா எங்கன்னு கேட்டதுக்கே என்னால பதில் சொல்ல முடியல. இன்னொரு வாட்டி கேட்டா நான் இன்னாங்க சொல்றது?"

ரமோன் குனிந்து அழுதார்.

"மூக்கத் தொடைப்பா" என்று செவ்வந்தி தன் பாவாடை நுனியை நீட்டினாள்.

அதிகாரி மனுவை மறுபடி கையிலெடுத்து, காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார்.

4

விசாரணை முடிந்த ஒன்பதாம் நாள் நீட்டிப்பு வந்தது. ஒரு வருடத்துக்கு. அப்புறம் மறுபடி கேட்கவேண்டும். அப்போது யார் கேள்வி கேட்பாரோ, என்ன கேட்பாரோ.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரமோனுக்குக் குடியுரிமையே கிடைக்கிறது. படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் கமலாவையும் சேர்த்து மூன்று பேருமே மணிலா போகிறார்கள். மூன்றாவதில் விமான நிலையம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குழந்தை. அதை எழுதிக்கொண்டிருந்தபோது ஆதார் நகல் எடுக்கக் கமலா வந்தாள். படித்துக் காட்டினேன்.

"எங்க வூட்டு ஆள நீங்க எதுக்குங்க அனுப்புறீங்க?"

"கதைதானே, கமலா."

"கதையிலயும் வேணாங்க."

கிழித்துவிட்டேன். விசா வருகிற ஆடியில் முடிகிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதியதும் கமலாவிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.