மழை பார்த்த பிறகே சாவி

எங்கள் லஸ்ராடோ-ஹெப்பார் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தின் வரலாற்றை ஒரு விதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்: மழை பார்க்காமல் சாவி கொடுப்பதில்லை.

மங்களூரில் தொழில் தொடங்கிய புதிதில் மூத்தவர்களான லஸ்ராடோவும் ஹெப்பாரும் கோடையில் ஒரு வீட்டை ஒப்படைத்தார்கள். முதல் மழையிலேயே அந்த வீட்டுத் தொட்டிலுக்குள் தண்ணீர் இறங்கியது. அன்று வந்த விதி. இப்போது லஸ்ராடோவின் மகள் ஐரினும் ஹெப்பாரின் மகன் ரகுவும் நடத்துகிறார்கள். நான் வரைபடம் போடுகிறேன்.

போன ஏப்ரலில், மங்களூரை அடுத்த மூல்கியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குச் சாவி கேட்டு சதானந்த ஷெட்டி வந்தார். மே மாதம் மகள் கல்யாணம். புது வீட்டில்தான் நடத்த வேண்டும். அடுத்து அவர் கட்டவிருந்த மூன்று ஓட்டல்களும் எங்களுக்கே என்று பேச்சு. எங்களிடம் வேறு பெரிய வேலையும் இல்லை.

ரகு லாரித் தண்ணீர் வரவழைத்து ஓட்டுக் கூரைமேல் ஊற்றினான். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"ஆச்சு, ஐரின் அக்கா. குடுத்துடு."

"மேலேருந்து ஊத்தினா மழையாடா? நம்ம மழை கடல்லேருந்து சாஞ்சுல்ல வரும்."

மறுநாள் ஐரின் துறைமுகத்திலிருந்து மீன்படகுப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து, மேற்கிலிருந்து சாய்வாகப் பீய்ச்சச் சொன்னாள். ஷெட்டி உள்ளே நின்று சிரித்தார்.

"மழையக்கூட வாடகைக்குப் புடிச்சிட்டு வந்துட்டீங்களே, ஐரினம்மா!"

சிரிப்பு முடிவதற்குள் மேற்கு ஜன்னலுக்கு மேலிருந்து தண்ணீர் கோடாக இறங்கி, கல்யாணத்துக்கென்று அடித்த புதுப் பெயிண்டை நனைத்தது. சுவரும் ஓடும் சேருமிடத்தில் இடைவெளி.

"பூசி மூடிட்டுச் சாவியக் குடுங்க. மே மாசம் எவன் வந்து மேற்கால பீய்ச்சப் போறான்?"

"பிரிச்சுச் சரிபண்றோம், ஷெட்ரே. செலவு எங்களோடது. சாவி மழைக்கு அப்புறம்," என்றாள் ஐரின்.

"அப்போ ஓட்டல் வேலை?"

"அது உங்க இஷ்டம்."

ஷெட்டி விருட்டென்று காரில் ஏறினார். கல்யாணம் மண்டபத்தில் நடந்தது, எங்களுக்கு அழைப்பில்லை. ஓட்டல்கள் பெங்களூர்க்காரர்களிடம் போயின. ரகு பத்து நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தினமும் மூல்கிக்குப் போய், ஓடுகளைப் பிரித்து அடுக்கும்போது கூடவே நின்றான்.

மே கடைசியில், யக்ஷகானக்காரர்கள் அந்த வருஷத்து ஆட்டம் முடித்துச் சலங்கை கழற்றும் பத்தனாஜே நாள் கழிந்து, மழை பிடித்தது. தென்னை வளைந்து ஆடிய ஒரு மதியம் ஐரின் ஷெட்டிக்குப் போன் செய்தாள். வரமாட்டார் என்று ரகு பந்தயம் கட்டினான். வந்தார். மேற்கு ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு, மழை ஓயும்வரை உட்கார்ந்திருந்தார். நடுநடுவே சுவரைத் தடவிப் பார்த்தார். காய்ந்தே இருந்தது.

ஐரின் சாவியை நீட்டினாள். வாங்கி ஜிப்பாவில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பெங்களூர்க்காரங்க இங்க மழையே இல்லாத டிசம்பர்லயே ஓட்டல் சாவி தர்றேங்கிறாங்க. நான் எங்க நின்னு பார்க்கணும்? அதயாவது சொல்லுங்க."

"மேற்கால, ஜன்னலுக்குக் கீழ," என்றாள் ஐரின். "பம்பு வேணும்னா நாங்க தர்றோம். நீங்க குடையோட போங்க."