சிவப்பு இறகுப் பாய்

மெத்தையை ஒரே மூச்சில் தூக்கிச் சுவரில் சாய்த்தாள் பெலெனிசே. அறுபத்தெட்டு வயது முதுகு மளுக்கென்றது. அடியில் நான்கு பாய்கள். ஐந்தாவதைக் காணோம்.

மணி பத்து. பன்னிரண்டுக்கு சர்ச் ஹாலில் விழா. சமோவாவுக்கும் நியூசிலாந்துக்கும் அறுபது வருஷ நட்பு; அதைக் கொண்டாட அரசாங்கம் நிதி கொடுத்திருந்தது. அதற்காகச் சமோவாவின் சவாயித் தீவுப் பெண்கள் ஒரு பாயைப் பாதி முடைந்து விமானத்தில் அனுப்ப, இங்கே நியூசிலாந்தில் மாங்கரேப் பெண்கள் பதினோரு பேர் மீதியை முடித்தார்கள். பதினான்கு மாசம். பட்டு மாதிரி மடியும் பாய், ஓரமெல்லாம் சிவப்பு இறகு. நிதி கேட்டுக் கையெழுத்துப் போட்டவள் பெலெனிசே. பத்திரமாக வைக்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தவளும் அவள்தான். சவாயிக்காரிகள் நேற்றே வந்து இறங்கிவிட்டார்கள்.

"அவுகூசோ! பாய் எங்கேய்யா?"

சமையலறையில் கணவன் கொக்கோ கோப்பையைக் கீழே வைத்தான். "புதன்கிழமை நம்ம செமிசி சாவுக்குக் கொண்டு போனேன்."

"சாவுக்குப் பாய் குடுக்கிறது வழக்கம்தான், இல்லேங்கல. நாலு பாய் சும்மா கிடக்கே! சிவப்பு இறகுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

"அவசரத்துல உருவிட்டேன்."

"பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் பாடுற ஆளுதானே நீங்க!"

நான்கு பாய்களையும் காரில் வாரிப் போட்டாள். சாவு வீட்டுக்கு வரும் பாய் அங்கே தங்காது. போதகருக்கு, சடங்கில் பேசுகிறவருக்கு, தூரத்து உறவுக்கு என்று அன்றைக்கே கைமாறிவிடும். எத்தனை கதவைத் தட்டுவது? 'வித்துத் தின்னுட்டா' என்று ஹாலில் ஒருத்தி வாய் திறந்தால் போதும். அப்புறம் அந்த சர்ச்சில் அவளுக்கு உட்கார இடமிருக்காது.

செமிசி வீட்டு வாசலில் கார் நின்றது. அவுகூசோ பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீயே போய்க் கேளு."

கதவைத் திறந்தாள் செமிசியின் விதவை லோசா.

"அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். இந்த நாலையும் வச்சுக்குங்க. அந்தச் சிவப்பு இறகுப் பாய் யாருகிட்டப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

லோசா பாய்களைத் தொடவில்லை. "அதை யாருக்கும் குடுக்கல."

"அப்ப இங்கதான் இருக்கா!"

"செமிசி உடம்புல சுத்திப் புதைச்சுட்டோம்."

பெலெனிசே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் போன் அதிர்ந்தது. ஹாலில் இருந்து. 'தோண்டி எடுத்துடலாமா' என்று நாக்கு நுனி வரை வந்ததை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

"அத்தனை பாய் வந்துதே அக்கா. என் பாய்தானா கிடைச்சுது?"

"மத்ததெல்லாம் துக்கத்துக்கு வந்த பாய். இது அப்படி வரல. புதன்கிழமை விடியறதுக்கு முன்ன உன் புருஷன் இந்தப் புல்லுல மண்டி போட்டு, அதைத் தலையோட போர்த்திக்கிட்டு இருந்தான். மழை வேற. நான் போய் எடுத்துவிடுற வரைக்கும் அசையல."

பாயைப் போர்த்தி மண்டியிடுவது, கொலை மாதிரிப் பெரும் பாவம் செய்தவன் சமோவா வழக்கப்படி கேட்கும் மன்னிப்பல்லவா!

"எதுக்கு?"

லோசா காரையே பார்த்தாள். "எழுபத்தாறுல, விசா முடிஞ்ச நம்ம ஆளுங்களைப் போலீஸ்காரங்க விடியக்காலைல வீடு புகுந்து அள்ளிட்டுப் போனாங்களே. செமிசியை இழுத்துட்டுப் போறப்ப நான் கைக்குழந்தையோட இந்த வாசல்லதான் நின்னேன். முந்தின நாள் காலைல உன் புருஷனைப் பிடிச்சாங்க. சாயங்காலமே விட்டுட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கடவுள் கைவிடவில்லை என்று அழுதுகொண்டே அன்றிரவு அவள் கோழி சுட்டு விருந்து வைத்தாள். செமிசியும் வந்து சாப்பிட்டான்.

"உன் புருஷனைக் கடவுள் காப்பாத்தலடி. எங்க வீட்டு நம்பரைச் சொன்னதுக்காக விட்டாங்க."