அக்கரைத் தம்பி

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு மின்கம்பி இழுத்த நாளிலிருந்து, மின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த அவள், அங்கே அதே வேலையில் இருந்தவனோடு தினமும் போனில் பேச வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அவர்களுடைய அணை மின்சாரம் இங்கே வரும். கோடையில் இங்கிருந்து அங்கே போகும். எவ்வளவு வேண்டும், எவ்வளவு உண்டு என்பதுதான் பேச்சு. ஆனால் முதல் வாரமே அவன் "அக்கா" என்றான். இவள் "தம்பி" என்றாள். இவளுடைய பல்வலியும் அவன் மனைவியின் கோபமும்கூடப் பேச்சில் வந்துபோயின.

"உன் அக்கரைத் தம்பி சாப்பிட்டாச்சாமா?" என்று வீட்டில் கணவர் கிண்டலடிப்பார்.

ஒருநாள் இங்கே மின்சாரம் தயாரிக்கும் பெரிய இயந்திரம் படுத்துவிட்டது.

"தம்பி, கொஞ்சம் கூடுதலா கிடைக்குமா?"

"எங்களுக்கே இழுபறிதான் அக்கா. இருங்க, கேட்டுச் சொல்றேன்." சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தான். "எங்க பெரிய ஆபீசர் சரின்னுட்டார். எங்க வீடு இருக்கற ஏரியாவுக்குக் கரண்ட்டை நிறுத்திட்டுத் தர்றோம். வீட்டுக்குப் போனா எனக்கு அர்ச்சனைதான்."

அடுத்த மாதம் அக்கரையில் புயல் அடித்தது. மின்கோபுரங்கள் சாய்ந்தன, போனும் செத்துப்போனது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"அவங்க கேட்டா ஆள் அனுப்பலாம்னு உட்கார்ந்திருக்கோம் சார். கேக்கறதுக்கு அவங்ககிட்ட போனே இல்லையே!"

அவர் அன்றே அனுமதி வாங்கி, ஆட்களையும் கிரேனையும் அனுப்பினார். பொறுப்புக்கு அவளையும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

அங்கே மின்நிலைய வாசலில், சேற்றை மிதித்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். தலை முழுக்க நரை.

"அக்கா!"

அதே குரல்.

"ஐயோ, உங்களைப் போயா தம்பி தம்பின்னு..."

"உங்க குரலைக் கேட்டுப் பெரியவங்கன்னு நெனச்சுட்டேன். உங்க பையன் ரெண்டாங்கிளாஸ்னு சொன்னப்பதான் சின்னவங்கன்னு புரிஞ்சுது. மாத்த மனசு வரல. வீட்டுல நான்தான் மூத்தவன். என்னைத் தம்பின்னு கூப்பிட யாரு இருக்கா?"

கோபுரங்கள் நிமிரும்வரை அவர் வீட்டில்தான் தங்கினாள். கோபக்காரி என்று கேள்விப்பட்ட அவர் மனைவி, இவளுடைய சேறு படிந்த செருப்பைப் பிடுங்கித் தானே கழுவி வைத்தாள்.

கம்பியில் மறுபடி மின்சாரம் ஏறியதும் வண்டி புறப்பட்டது. "வரேன் அண்ணா" என்றாள். அவர் முகம் வாடிவிட்டது.

"சரி, சரி. வரேன் தம்பி. கோடைக்கு எவ்வளவு வேணும்னு இப்பவே சொல்லிடுங்க."

"பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றார் அவர்.