மைனஸ் இருநூற்றுப் பதினான்கு கோடி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. புரோகிராமர் தோழி ஒருத்தி தன் வீட்டில் நடந்ததை போனில் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தேன். இத்தனை வருடம் எழுதியும் நான் யாரையும் அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. என்னை மட்டும் ஒல்லியா காட்டு" என்றாள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'கணினியில் எண்களுக்கும் வரம்பு உண்டு என்பதை மனிதகுலம்…' எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

2

ஒல்லியான மருமகள் ஒருத்தி. அவளுடைய மாமனார் பஸ் டிரைவர். மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் காட்டினால்தான் டிப்போவில் மறுபடி வண்டி தருவார்கள். ரப்பர் பந்தை அழுத்திப் பழகச் சொன்னார் டாக்டர். மனிதர் பந்தையே ஒளித்துவைத்தார்.

மருமகள் பந்துக்குள் ஒரு சென்சாரை வைத்து, போனில் ஒரு விளையாட்டு எழுதினாள். முழுசாக அழுத்தினால் மதிப்பெண் இரண்டு மடங்காகும். ஓர் அழுத்து பாதியில் தளர்ந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. "ஒண்ணு ஒண்ணா கூடினா என்னம்மா சுவாரசியம்?" என்று அவர் கேட்டதால்தான் இரண்டு மடங்கு.

[ஒரு சந்தேகம்: பேரன் எடுக்கும் வயதில் ஒருவர் இப்படி அடம்பிடிப்பாரா? தோழியிடம் கேட்டேன். "நீ எங்க மாமாவைப் பார்த்ததில்லை" என்றாள்.]

3

ஒருநாள் காலை மதிப்பெண் கோடியைத் தாண்டியது. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். நூற்றேழு கோடி. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார்.

மைனஸ் இருநூற்றுப் பதினான்கு கோடி.

"மெஷினே சொல்லிடுச்சு. கை போனது போனதுதான்." பந்து சோபாவுக்கு அடியில் உருண்டது.

மருமகள் பதறிப்போய் விளக்கினாள். எண்ணை எழுதிவைக்க முப்பத்திரண்டு பிட், அதாவது முப்பத்திரண்டு கட்டம், இடம்தான் கொடுத்திருந்தாள். அது நிரம்பினால் எண் குப்புறக் கவிழ்ந்து மைனஸில் விழும்.

"ஏன் அவ்வளவு கம்மியா வெச்ச?"

"நீங்க அவ்வளவு தூரம் போவீங்கன்னு நினைக்கல மாமா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எழுதும்போது எனக்கே வலித்தது.

4

மருமகளின் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். "அறுபத்துநாலு பிட் போடு, போதும். அதுக்கு மேல யாருக்கு வேணும்? கடற்கரை மணலை எண்ணப் போறியா?"

இரண்டு மடங்காகப் பெருகும் எண்ணுக்கு அதுவும் சீக்கிரமே நிரம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க மாமாவுக்கு வேணும்" என்றாள்.

எண் வளர வளரத் தானே இடம் பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. அதைப் போட்டாள்.*

* இந்த வகை எண்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். மாமனாரும் அப்படித்தான். பொருத்தம் பிரமாதம்.

5

முதல் முடிவு: அவர் ஹாரன் அடித்தபடி பஸ்ஸில் வருகிறார், தெருவே கைதட்… சினிமாத்தனம். அடித்துவிட்டேன். இரண்டாவது முடிவில் டிப்போவில் தலையாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மருமகள் குனிந்து பந்தை எடுத்துத் துடைத்து நீட்டினாள்.

"இது எதுவரைக்கும் போகும்?"

"நீங்க போற வரைக்கும் போகும் மாமா."

அவர் அவளையே பார்த்தார். "இந்தத் தடவை நம்பி வெச்சிருக்க?"

"நம்பித்தான்."

வாங்கிக்கொண்டார். இரண்டு. நான்கு. எட்டு.

டிப்போவில் பரிசோதனை திங்கட்கிழமை. நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன், மீதி உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள்: அவருக்கு இடம் ஒதுக்கும்போது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பதினாறு. முப்பத்திரண்டு…