உள்ளங்கையில் நானூறு பொத்தான்கள்

பொத்தான்காரி என்றுதான் வாடிக்கையாளர்கள் அவளைச் சொல்வார்கள். இணையத்தில் பொத்தான் மட்டுமே விற்கும் கடை அவளுடையது. சட்டையிலிருந்து எங்கோ விழுந்துபோன ஒற்றைப் பொத்தானுக்கு ஜோடி தேடி வருகிறவர்கள் பாதிப் பேர். பதினோரு வருடமாக ஓடிய அவளுடைய இணையதளம் இப்போது மூச்சு வாங்கியது. கைப்பேசியில் திறந்தால் படம் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு நின்றது. இனிமேல் ஒட்டுப் போட்டுக் காலம் தள்ள முடியாது என்று, ஒரு வெப்சைட்காரரிடம் கொட்டேஷன் கேட்டாள்.

வந்த கொட்டேஷனைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ஒதுக்கி வைத்திருந்த தொகையைப் போல இரண்டு மடங்கு. அதில் பாதியை ஒரே ஒரு வரி விழுங்கியிருந்தது: ‘புதிய புகைப்படங்கள், 480 பொருட்கள்.’

உடனே போன் போட்டாள். “இருக்கிற போட்டோவையே போட்டா என்ன தம்பி?”

“பழைய நானூறும் ஒரு கையில வச்சு எடுத்திருக்கீங்க மேடம். அப்புறம் வந்த எண்பதும் மேசையில வச்சு எடுத்தது. புது டிசைன்ல பக்கத்துப் பக்கத்துல வரும்போது ரெண்டு கடை மாதிரி இருக்கும். எல்லாத்தையும் புதுசா எடுக்கணும். இல்லைன்னா அந்த எண்பதை மட்டும் அதே கையில வச்சு நீங்களே எடுத்துக் குடுங்க, செலவு பாதியாயிடும். அது உங்க கைதானே?”

“இல்ல,” என்றாள் பொத்தான்காரி. “என் தங்கச்சி கை.”

போனை வைத்துவிட்டுப் பழைய படங்களைத் திறந்தாள். ஒன்று பார்த்தால் போதும் என்று ஆரம்பித்தது, நூறைத் தாண்டியும் நிற்கவில்லை.

அப்போது தங்கைக்குப் பத்தொன்பது வயது. பின்னறையில் ஒரே ஒரு ஜன்னல். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் நல்ல வெளிச்சம். இரவல் கேமரா. கையில் வைத்து எடுக்கலாம் என்பதே தங்கையின் யோசனை. “பக்கத்துல ஸ்கேல் வச்சா யாருக்குக்கா புரியும்? கையில வச்சா எவ்ளோ பெரிய பட்டன்னு குழந்தைக்கும் தெரியும்.” முழங்கைக்குக் கீழே பாடப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். மூக்கு அரித்தால் அக்காதான் சொறிந்துவிட வேண்டும். சிரித்தால் படம் கலங்கிவிடும். சிரிக்காத நாளே கிடையாது.

நூற்றிப்பத்தாவது படத்தில் விரல் நுனியில் பரீட்சை மை. இருநூற்றிப் பன்னிரண்டில் பிளாஸ்திரி. முந்நூறுக்கு மேல் ஒன்றில், மணிக்கட்டில் யாருடைய போன் நம்பரோ பேனாவால் கிறுக்கியிருந்தது. யாருடையது என்று கடைசிவரை அவள் வாய் திறக்கவில்லை.

ஐந்து வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் பேட்டிக்கு வந்தார். கடை எப்படி ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, “தனி ஆளாத்தான் ஆரம்பிச்சேன்,” என்று அக்கா சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. தங்கை அதைப் படித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதமே ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி. “சாப்டியா?” “சாப்ட்டேன்.” அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆறு வருடம் ஆகிவிட்டது.

இரண்டு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவளைக் கணவர் கவனித்தார். “பட்ஜெட்டுக்காகத் தங்கச்சியைக் கூப்பிடுறியா, தங்கச்சியைக் கூப்பிட பட்ஜெட்டைச் சாக்கு வைக்கிறியா?” என்றார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு எண்ணை அழுத்தினாள்.

“உன் கை வேணும்டி.”

“என்னது?”

“கை. ரெண்டு மணி நேரம்.”

“இடது கைதானே? ஞாயித்துக்கிழமை வரேன்,” என்றாள் தங்கை.

வந்தாள். பின்னறையில் உட்கார்ந்து, பழக்கம் விடாமல் கையை நீட்டினாள். கேமரா வழியாகப் பார்த்த அக்கா தயங்கினாள். கை சதை போட்டிருந்தது. மோதிரம் வேறு. பழைய படங்களோடு எந்த வகையிலும் ஒட்டவில்லை.

“தடிச்சுப் போச்சுல்ல?” என்றாள் தங்கை.

“உனக்கு மட்டுமா?” என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. முதல் படம் கலங்கியது.

நடுவில் ஓய்வெடுத்தபோது தங்கை கொட்டேஷனை எடுத்துப் பார்த்தாள். கொட்டேஷனைக் குடைவதுதான் அவளுக்குத் தினசரிப் பிழைப்பு. பேனாவைத் திறந்தாள். “சாட் வசதியா? யாராவது கேள்வி கேட்டா நீதான் அரை மணி நேரம் போன்ல பேசுவியே!” அடித்தாள். “மூணு மொழியிலயா? முதல்ல ஒண்ணுல ஒழுங்கா ஓடட்டும்.” அதையும் அடித்தாள். ‘எங்களைப் பற்றி பக்கம் எழுதுதல்’ என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

“அதையும் அடி,” என்றாள் அக்கா. “அதை நானே எழுதுறேன். அன்னிக்கு நான் சொன்னது தப்புடி. ஆரம்பிச்சது ரெண்டு பேரு.”

தங்கை தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதைச் சொல்ல ஆறு வருஷமா உனக்கு?”

“ஆமா.”

தாள் கிழிகிற அளவுக்கு அந்த வரியை அழுத்தி அடித்தாள் தங்கை. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெளிச்சம் போயிடும், எடு,” என்று கையை நீட்டினாள். அடுத்த மூன்று படங்களும் கலங்கின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பட்ஜெட் ஒருவழியாக அக்கா ஒதுக்கிய தொகைக்குள் வந்து உட்கார்ந்தது. புதுப் படங்களைப் பார்த்த வெப்சைட்காரர், “இது வேற கையா மேடம்?” என்று சந்தேகப்பட்டார். “அதே கைதான் தம்பி, தைரியமாப் போடுங்க,” என்றாள்.

இரண்டு ஞாயிறுகளில் எண்பதும் முடிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு படம் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் பத்து மணிக்கெல்லாம் தங்கை வாசலில் நின்றாள். கையில் மகளுடைய கோட்டு. மேல் பொத்தானைக் காணோம். பின்னறையில் இரண்டு பேரும் டப்பாக்களைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்கு ஜோடி கிடைக்க மத்தியானம் மூன்று மணி ஆனது.