குழாயடி வரிசை

1

டமடமவென்று குடங்கள் உருண்டன. இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது. முதலில் ‘தங்கச் சுரங்கம் மூடப்பட்ட அந்த வருடத்தில்…’ என்று கம்பீரமாகத் தொடங்கி, அடித்துவிட்டேன். வின்னிக்குக் கம்பீரம் ஒத்துவராது.

சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் அவள் லைனுக்கு ஒரே குழாய். சண்டை தீரட்டும் என்று, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் வின்னி, முந்தின மாலை குடம் வைத்த முறைப்படி வீடுகளைப் புரோகிராமின் ‘டிக்‌ஷனரி’ என்ற அட்டவணையில் ஏற்றி, அச்செடுத்து ஒட்டினாள். மூன்று வீடுகளைப் போட்டுப் பார்த்தபோது வரிசை பிசகவில்லை. மொத்த லைனையும் போட்டதும் கலைந்துவிட்டது.

“இன்னா வின்னி, மொதல்ல கொடம் வெச்சது நானு. உன் மிஷினு என்னைக் கடைசில தள்ளிகீதே!” என்றாள் எதிர்வீட்டுப் பார்வதம்மா.

2

சிவராஜ் சிரித்தான்.

(இவனை அறிமுகப்படுத்த மறந்தேன். வின்னியின் பக்கத்து வீடு. அவளோடு புரோகிராம் கற்றவன். குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டான். காலி செய்த வீட்டின் சாவியை ஒப்படைக்க வந்திருக்கிறான். ஒப்படைத்துவிட்டால் அவன் இங்கே வரக் காரணமே இராது. வின்னியின் தவிப்பு அதுதான். பேசியது வேறு.)

“போட்ட வரிசையிலதானே டிக்‌ஷனரி திருப்பித் தரணும்?” என்று கேட்டாள் வின்னி.

“பேரச் சொன்னா ஆளக் காட்டும். அவ்ளோதான் அதோட வேலை. யார் மொதல்ல வந்தாங்கன்னு அது எதுக்கு ஞாபகம் வெச்சிக்கணும்? எடம் வேஸ்ட்டு, ஸ்லோவும் ஆயிடும்.”

“மொதல்ல வந்தவங்களுக்கு மரியாதையே இல்லியா?”

“வரிசை வேணும்னா நீங்கதான் தனியா வெச்சிக்கணும், மேடம்.”

“வெச்சிகினுதான் கீறேன், நீ போன…”

[இதை முடிக்க வின்னி என்னை விடவில்லை.]

3

சிவராஜ் மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இதுகூடவா விளங்காது? ஒரு வரைவில் அவனைப் பங்காருபேட்டையில் ரயிலேற்றினேன், வின்னி கையசைத்தாள். கிழித்தேன். இன்னொன்றில் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அது என் ஆசை, அவனுடையதல்ல.

நடந்தது இவ்வளவே. பெண்கள் தாளைக் கிழித்துவிட்டுப் பழையபடி குடங்களை அடுக்கினார்கள். ஆள் வர முடியாவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு கல். கல்லும் குடத்துக்குச் சமம். வரிசை நகரும்போது யாராவது அதையும் நகர்த்த வேண்டும்.

வின்னியின் குடத்துக்கு முன்னால் ஒரு கல் இருந்தது. பெங்களூர்க்காரனுக்கு வழக்கம் மறந்துபோயிருந்தது. கால் இடறியதும், எடுத்து ஓரமாகப் போடக் குனிந்தான். வின்னி வேறெங்கோ பார்த்தாள்.

அவன் கைச்சாவி பிறகு எங்கே போனது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது பார்வதம்மாவின் குரல் மட்டும்.

“அதத் தொடாதப்பா, உங்க வூட்டு எடம் அது! நீங்க காலி பண்ணிப் போன நாள்லருந்து வின்னிதான் தெனம் தள்ளி வெச்சினு வருது.”