சேலை கட்டிய பூசணி

"என் பூசணி மங்களம்மாவோட சேலையைக் கட்டிக்கிட்டு மூணாவது மாடியில காத்து வாங்குது" என்றார் முகைதீன்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில், அடுக்குமாடி புளோக்கின் கீழே நடக்கும் சனிக்கிழமைத் தோட்ட வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு மூச்சு வந்திருக்கும். தேக்காவில் துணிக்கடை நடத்திய காலத்தில், ஒரு முழத் துணியில் ஊருக்கே பந்தல் போடலாம் என்று சொல்லி விற்றவர். அவர் புளுகை ரசிக்காத ஆளே இல்லை. கஞ்சி விவகாரம் வரைக்கும்.

நோன்பு மாதத்தில் ஒருநாள், புளோக்கில் எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்று பள்ளிவாசலிலிருந்து ஒரு வாளிக் கஞ்சி வாங்கி வந்தார். அன்று பார்த்துப் பேய்மழை. பாதிக்கு மேல் மிஞ்சி, காலையில் புளித்திருந்தது. இறைவன் கொடுத்த உணவைக் குப்பையில் தள்ள அவருக்குக் கை வரவில்லை. மண்ணுக்குக் கொடுத்தால் பாவமில்லை என்று பட்டது. வகுப்பின் பொது உரத்தொட்டியைத் திறந்து, அரிசியும் கறியும் தேங்காய்ப்பாலுமாக அவ்வளவையும் ஊற்றினார். பிஸ்மி சொல்லித்தான் ஊற்றினார்.

சமைத்தது எதுவும் தொட்டியில் போகக்கூடாது, காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்டும்தான் என்று பயிற்சியாளர் அமலா முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். அப்போது முகைதீன் பக்கத்திலிருந்தவரிடம், தான் சட்டியில் வளர்த்த முருங்கையில் காய் பறிக்கத் தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்த கதையை அளந்துகொண்டிருந்தார்.

சில நாளில் கிளம்பிய நாற்றம் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலம் வரை போனது. பாஸ்போர்ட் கேட்டதால் திரும்பி வந்துவிட்டது. எலி வந்தது. எலியைப் பிடிக்க வந்த பூனை, நாற்றம் தாங்காமல் எலியோடு சேர்ந்தே ஓடியது.

புழு நெளிந்த அந்தக் கூழைத் தோலும் விதையுமாக அள்ளி, சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தது மங்களம். தோட்டத்தை நடத்துபவர், அதே புளோக்கில் மூன்றாவது மாடிக்காரர். முகைதீன் கையை நீட்டியபோது அவர் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

"நீங்க உக்காருங்க பாய். பார்த்துக்கிட்டிருந்தா போதும் லா."

திட்டியிருந்தால் தேவலை. அன்று முதல் முகைதீன் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, விடியுமுன் வெளியே போய் விடிந்ததும் வீட்டுக்குள் புகுந்தார். அந்த மண்வெட்டி இனித் தன் கைக்கு வருமா என்பது ஒன்றுதான் நெஞ்சில் உறுத்தியது.

அப்படிப் பதுங்கிப்போன ஒரு காலையில்தான் குழியில் முளைத்திருந்த பூசணியைப் பார்த்தார். யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றினார். கொடி ரம்புத்தான் மரத்தைப் பிடித்து ஏறியது. மங்களம், மகளின் பிரசவத்துக்காகத் தோ பாயோவில் அவள் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தார். அவர் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணிக் கம்பில் ஒரு பழைய சேலை மறந்து கிடந்தது. கொடி அங்கேயும் கை நீட்டியது.

அமலா விடாமல் கூப்பிட்டதால் இன்று வகுப்புக்கு வந்தார். மங்களமும் மகள் வீட்டிலிருந்து நேரே பையும் கையுமாக வந்து நின்றார். முகைதீன் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். வாய் பழைய பழக்கத்தில் பூசணியை எடுத்து நீட்டிவிட்டது.

"கஞ்சிக்கு அப்புறமும் இந்தப் பேச்சு குறையலையே பாய்" என்று சொல்லிவிட்டு மங்களம் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். முகைதீனுக்குக் காது கொதித்தது. அங்கேயே குழி தோண்டித் தன்னையும் புதைத்துவிடலாம் போலிருந்தது. அதற்கும் மண்வெட்டியைக் கேட்டு வாங்கவேண்டும்.

மேலே சன்னல் திறந்தது. மங்களம் கம்பை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சேலை தொட்டில்போல் தொங்கியது.

கீழே வந்தபோது சேலைச் சுருளைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தார். மடிப்பிலிருந்து பூசணிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். முகைதீன் மட்டும் தலை நிமிரவில்லை.

"அந்தக் கஞ்சிக் குழியில வந்ததுதான்மா. என்னை மன்னிச்சிருங்க" என்றார், தரையிடம் சொல்வதுபோல.

மங்களம் மண்வெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அப்ப நிஜமாவா அக்கா?" என்று கேட்டாள் அமலா.

மங்களம் சேலையை ஒருமுறை பார்த்தார்.

"கட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு லா. முந்தானை முதற்கொண்டு."